பெயர் பதிந்த பிறகு

(வடமாலபேட்டையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேறொரு நாட்டுக்குக் குடிபோகிறவர்கள் அங்குள்ள பள்ளியில் பிள்ளைகளைச் சேர்ப்பதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். வேறு ஊரில் என்றால் விசாவிலிருந்து தொடங்கலாம். வடமாலபேட்டையில் 1953-இலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தது. இந்த ஊரை உள்ளடக்கி அதுவரை சென்னை மாநிலத்தில் இருந்த சித்தூர் மாவட்டம் அதில் சேர்ந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் வகுத்துக் கொடுத்த எல்லை, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி அந்தப் பக்கம் போனது, சத்தியவேட்டுப் பகுதி இந்தப் பக்கம் வந்தது எல்லாம் உங்களில் பலருக்குத் தாத்தா சொன்ன கதை.

புத்தூர், நகரி, நாராயணவனம், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மூட்டை கட்டவில்லை, கப்பல் ஏறவில்லை. அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே மாநிலம் மாறிவிட்டது. பிள்ளையைப் பள்ளியில் விடப் போனால் அதிகாரியின் மொழி வேறு, பரீட்சை நடத்தும் அலுவலகம் இருக்கும் ஊர் வேறு. ஆகவே நாடுவிட்டு நாடு போன குடும்பத்தின் தவிப்பை இந்த ஊருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதிவேட்டில் பெயர் ஏறியதும் சேர்க்கை முடிந்தது என்று பள்ளிகள் நினைக்கின்றன. புதிதாக வந்த குடும்பத்துக்கு அப்போதுதான் அது ஆரம்பமாகிறது. எந்த வகுப்பில் பாதை பிரியும், எந்தக் காகிதத்தைப் பத்து வருடம் கழித்துக் கேட்பார்கள், எந்த மொழியை எடுத்தால் எது கைவிட்டுப் போகும் என்பதெல்லாம் உள்ளூர்க்காரர்களுக்குப் பேச்சோடு பேச்சாகத் தெரிந்துவிடும். வந்தவர்களுக்கு யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வது பள்ளியின் கடமை. பெற்றோரின் சாமர்த்தியத்துக்கு அதை விட்டுவிடக் கூடாது.

கதவு திறப்பதைப் பற்றி முதலில் பேசுவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் படகேறி ராமேசுவரம் கரைக்கு வந்தன. மண்டபம் முகாமில் பதிந்துகொண்டு, அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரிந்து போனார்கள். 1990-இல் மறுபடி போர் மூண்டபோது ஒரு அலை, 1990-களின் நடுவில் ஒரு அலை, 2006-க்குப் பிறகு ஒன்று. இங்கிருந்து சத்தியவேடு தாண்டிப் போனால் வரும் கும்மிடிப்பூண்டியிலேயே பெரிய முகாம் ஒன்று இருக்கிறது. 2021-இல் தமிழ்நாடு அரசு சொன்ன கணக்குப்படி முகாம்களில் ஏறத்தாழ 59 ஆயிரம் பேர், முகாமுக்கு வெளியே 34 ஆயிரம் பேர் இருந்தார்கள்.

இரவில் படகேறுகிறவர்கள் பள்ளிச் சான்றிதழ்களைக் கோப்பில் போட்டு எடுத்துக்கொண்டு வருவதில்லை. கையில் குழந்தை, இடுப்பில் நகை, ஒரு பை துணி. எந்த வகுப்பு படித்தாய் என்றால் பிள்ளை வாயால் சொல்வதுதான் சான்று. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை. இருந்தும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டன. உள்ளூர்ப் பிள்ளைக்கு என்ன பாடநூலோ அதேதான் அவர்களுக்கும். ஒரே பந்தியில் சத்துணவு. நமது நாட்டில் அகதிப் பிள்ளைகளின் கல்வியில் நடந்த மிகப் பெரிய நல்ல காரியம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். பெரிய விளம்பரம் இல்லாமல், முகாமுக்கு அடுத்த தெருவில் இருந்த தலைமையாசிரியர்கள் செய்த காரியம்.

இதில் முகாம் மக்களின் பங்கை மறக்கக் கூடாது. தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், படித்த அகதிகளையே கொண்டு முகாம்களில் மாலை வகுப்புகள் நடத்தியது. இலங்கையில் ஓ.எல். பரீட்சை 11-ஆம் ஆண்டின் முடிவில் வரும், இங்கே பத்தாம் வகுப்பிலேயே பொதுத்தேர்வு வந்துவிடும் என்பதை ஒரு பெற்றோருக்குப் புரியவைக்க, இரண்டையும் பார்த்த ஒருவர் வேண்டும். மொழி ஒன்றுதான். ஆனாலும் பிள்ளை எழுந்து நின்று "ரீச்சர்" என்றதும் வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்பைச் சமாளிக்கவும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பெரியவரின் துணை தேவைப்பட்டது.

கதவு திறந்தது என்றேன். எல்லாக் கதவும் அல்ல. 1991-க்குப் பிறகு கல்லூரிகளிலும் தொழிற்படிப்புகளிலும் அகதி மாணவர்களுக்கு இருந்த இடங்கள் அடைபட்டன. சில ஆண்டுகள் கழித்துத்தான் மெல்லத் திறந்தன. இன்றும் முகாமில் பிறந்து, இங்கேயே பட்டம் வாங்கிய ஒரு பெண் அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது, காரணம் குடியுரிமை இல்லை. பொறியியல் படித்துவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போகும் இளைஞர்களை முகாம்களில் பார்க்கலாம். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும் நாளில் இதை அந்தத் தாயிடம் யார் சொல்லியிருப்பார்கள்?

உலகத்தில் இன்னொரு கதவு நீதிமன்றத்தில் திறந்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 1975-இல் சட்டத்தைத் திருத்தி, முறையான அனுமதியின்றிக் குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு அரசு செலவில் கல்வி இல்லை என்றது. டைலர் என்ற ஊரில், மெக்சிகோவிலிருந்து வந்து கூலிவேலை செய்த குடும்பங்களிடம் பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கேட்டார்கள். சில குடும்பங்கள் வழக்குப் போட்டன. நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயம். ஆகவே பெயரை மறைத்து "டோ" என்ற புனைபெயரில் வழக்கு. ஊர் கண்ணில் படாமலிருக்க நீதிபதி விடியற்காலையிலேயே விசாரணையை வைத்துக்கொண்டார். 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பிள்ளைகள் பக்கம் தீர்ப்பளித்தது. பெற்றோரின் நிலைமைக்காகப் பிள்ளையைத் தண்டிக்க முடியாது என்பது அதன் சாரம். ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் எத்தனை இலட்சம் பிள்ளைகள் தெருவில் நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் நாட்டில் அந்தச் சண்டைக்குச் சட்டம் இடம் வைக்கவில்லை. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1-இலிருந்து நடப்பில் இருக்கும் கட்டாய இலவசக் கல்விச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். இந்தியக் குடிமக்களின் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அது வரம்பு கட்டவில்லை. டி.சி. வர நேரமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும். படிப்பு விட்டுப்போன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் உட்காரவைத்து, விடுபட்ட பாடத்துக்குத் தனிப் பயிற்சி தர வேண்டும். இவை ஒவ்வொன்றும் சட்டத்தில் தெளிவாக இருக்கின்றன. டி.சி.க்காகத் தகப்பன் பழைய ஊருக்கும் புது ஊருக்கும் அலைந்துகொண்டிருக்க, பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும் காட்சியை இன்றும் பார்க்கிறோம். அந்தத் தகப்பனுக்குச் சட்டம் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை.

இனி பெயர் எழுதும் இடத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நான் ஆசிரியராக இருந்த காலத்தில் ஜூன் மாதம்தோறும் என் மேஜைக்கு முன்னால் நடந்தது இது.

திருத்தணிப் பக்கமிருந்து வேலைக்கு வந்த ஒருவர், பையனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பையன் பெயர் கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் பெயர் முருகன். "இண்டிபேரு ஏமி?" என்று எழுத்தர் கேட்கிறார். ஆந்திரத்தில் வீட்டுப் பெயர் முன்னால் வரும், தலைமுறை தலைமுறையாக மாறாது. தமிழ்க் குடும்பத்தில் அப்படி ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் இனிஷியல். முருகன் விழிக்கிறார். அவருக்குப் பின்னால் இன்னும் இருபது பேர் நிற்கிறார்கள். எழுத்தர் "முருகன்" என்பதையே வீட்டுப் பெயராக எழுதி, பையன் பெயரைப் பின்னால் போட்டுவிடுகிறார். ஆதாரில் கார்த்திக் முருகன், பள்ளியில் முருகன் கார்த்திக், தமிழ்நாட்டில் வாங்கிய பிறப்புச் சான்றிதழில் மு. கார்த்திக். மூவரும் ஒரே பையன். பத்தாம் வகுப்புக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பும்போது இது வெளியே வரும். உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு இணைக்கும்போது மறுபடி வரும். கெஜட், பிரமாணப் பத்திரம், நோட்டரி என்று அந்தக் குடும்பம் அலையத் தொடங்கும்.

எழுத்தர் கெட்டவர் அல்ல. படிவத்தில் கட்டம் இருந்தது, நிரப்பினார். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில், "ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுகிறேன், பிறகு மாற்ற முடியாது, பார்த்துச் சொல்லுங்கள்" என்று யாராவது தமிழில் சொல்லியிருந்தால் போதும்.

இதே கட்டம் உலகமெங்கும் இருக்கிறது. ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போன தமிழ்க் குடும்பங்களில் தகப்பனின் பெயர் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் ஆகிவிடும். தகப்பனுக்கோ அவருடைய தகப்பன் பெயர். தாய்க்குச் சிலசமயம் தாத்தாவின் பெயர், சிலசமயம் கணவனின் பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்கள். பள்ளியிலிருந்து பிள்ளையைக் கூட்டிப்போக வரும் பெண்ணிடம், நீங்கள்தான் தாய் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்க நேர்கிறது. சிங்கப்பூரில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று பெயரோடு சேர்த்தே எழுதும் வழக்கம் இருப்பதால் அங்கே இந்தச் சிக்கல் குறைவு. தமிழர் பெயரை அறிந்த ஒரு நிர்வாகம் அதற்கேற்ற கட்டத்தை வைத்துக்கொண்டது.

பெயருக்கு அடுத்தது வகுப்பு. ரேணிகுண்டாவில் தண்டவாளம் பிரிவதுபோல ஒவ்வொரு நாட்டுக் கல்வியிலும் பாதை பிரியும் இடம் ஒன்று உண்டு. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அது நான்காம் வகுப்பின் முடிவிலேயே வந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் பிள்ளை கிம்னாசியம் என்ற பள்ளிக்குப் போகும். தொழில் பழகப் போகிறவர்களுக்கு வேறு பள்ளி. பத்து வயதில் இந்த முடிவு. 1980-களில் அங்கே போய்ச் சேர்ந்த ஈழத்துப் பெற்றோர்கள் தங்கள் நாட்டு நினைப்பில், ஓ.எல். பரீட்சை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருந்தால், அதற்குள் வண்டி பிரிந்து போயிருக்கும். பிறகு மாறிக்கொள்ள வழி இல்லாமல் இல்லை, ஆனால் அது மேட்டில் ஏறும் வழி. மொழி இன்னும் பிடிபடாத பிள்ளையைத் திறமை குறைந்த பிள்ளை என்று எண்ணிக் கீழ்ப் பாதைக்குத் தள்ளிவிடுவது எளிது. இன்னொரு நாட்டின் மொழியில் கணக்குப் போடத் தெரியாத பிள்ளைக்குக் கணக்கு வராது என்று பொருளில்லை. சான்பிரான்சிஸ்கோவின் சீனப் பிள்ளைகளுக்காக நடந்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-இல் இதைத்தான் ஏற்றுக்கொண்டது: எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டதனால் மட்டும் சமமாக நடத்தியதாகிவிடாது.

நம் எல்லையிலும் பாதை பிரியும் இடம் உண்டு. அதிகம் பேசப்படாததால் அழுத்திச் சொல்கிறேன். ஆந்திரத்தில் அரசியலமைப்பின் 371-டி பிரிவின் கீழ் 1974-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி, உயர்கல்வி இடங்களில் 85 விழுக்காடு உள்ளூர் மாணவர்களுக்கு. நமக்கு அது ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகப் பகுதி. தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடியும் நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாக இந்தப் பகுதியில் படித்தவர் உள்ளூர் மாணவர். அதனால்தான் இங்கே ஸ்டடி சர்டிபிகேட்டுக்கு இத்தனை மதிப்பு. தமிழ்நாட்டுப் பக்கமோ, மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் கொண்டுவந்த 7.5 விழுக்காடு இடங்களுக்கு, 6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அந்த மாநில அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும்.

இப்போது நகரியிலிருந்து பிள்ளையைத் தமிழில் படிக்கவைக்க வேண்டும் என்ற ஆசையில் திருத்தணிக்கு அனுப்பும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். எட்டு வரை இங்கே, பிறகு அங்கே. அல்லது பத்து வரை அங்கே, பிறகு இங்கே. பிள்ளை நன்றாகப் படித்து மதிப்பெண்ணும் வாங்கிவிடும். பிறகு கலந்தாய்வில் உட்காரும்போது, இந்தப் பக்கம் உள்ளூர் இல்லை, அந்தப் பக்கம் ஒதுக்கீடு இல்லை என்பார்கள். குடியிருப்பைக் காட்டிச் சிலர் தப்பிக்கலாம். ஆனால் அதற்கும் காகிதம் வேண்டும். ஆகவே எந்தப் பக்கம் படிப்பு என்பதை 5-ஆம் வகுப்பு முடிவதற்குள் தீர்மானித்துக்கொள்ளுங்கள், பிறகு மாற்றாதீர்கள் என்று எல்லையோரக் குடும்பங்களுக்கு ஒவ்வொரு தொடக்கப் பள்ளியும் சொல்ல வேண்டும்.

அடுத்து மொழி. 1949-இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி ஒரு முடிவு எடுத்தார்கள். ஒரு பள்ளியில் ஒரு மொழி பேசும் பிள்ளைகள் 40 பேர் இருந்தாலும், ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தாலும், அவர்கள் தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர ஓர் ஆசிரியரைப் போட வேண்டும். 1956-இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350-ஏ பிரிவு அதையே மாநிலங்களின் பொறுப்பாக்கியது. ஆந்திரத்தில் இன்றும் பத்தாம் வகுப்பில் தமிழை முதல் மொழியாக எழுத வழி இருக்கிறது. வழி இருப்பது தெரிந்தால்தானே பெற்றோர் கேட்பார்கள்? கேட்டால்தான் தலை எண்ணுவார்கள், எண்ணினால்தான் ஆசிரியர் வருவார். கேட்காமலிருந்தால் தமிழ் ஆசிரியர் ஓய்வு பெற்றதும் இடம் காலியாகவே நின்று, பிள்ளைகள் இல்லை என்ற காரணத்தில் மறைந்துவிடும். கனடாவின் ஒண்டாரியோவில் இதற்கு இணையான ஏற்பாடு உண்டு: ஒரு மொழிக்காக 23 பிள்ளைகளின் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் கல்விச் சபை வகுப்பு நடத்த வேண்டும். டொரண்டோவின் தமிழர்கள் அந்த விதியைக் கற்றுக்கொண்டு கேட்டார்கள். அரசுப் பள்ளிக் கட்டிடத்திலேயே தமிழ் வகுப்பு நடக்கிறது.

நியாயத்தைச் சமமாகச் சொல்ல வேண்டும் என்பதால் ஓசூரையும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் படிப்படியாக வந்து, 2016-இல் பத்தாம் வகுப்பை எட்டியபோது, அங்குள்ள தெலுங்குப் பிள்ளைகள் தமிழ்த் தாளை எழுத முடியாமல் தவித்தார்கள். நீதிமன்றத்தில் ஆண்டுக்காண்டு விலக்குக் கேட்டு நின்றார்கள். அவர்களுக்காகப் பேசாமல் நமக்காக மட்டும் பேசினால் நம் பேச்சுக்கு மதிப்பிருக்காது. அங்கே தெலுங்குப் பிள்ளைக்கு எது உரிமையோ, இங்கே தமிழ்ப் பிள்ளைக்கும் அதுதான் உரிமை.

திரும்பி வருகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சித்தூர், கடப்பைப் பகுதியிலிருந்து குவைத்துக்கும் சவுதிக்கும் போனவர்கள் நம்மிடையே ஏராளம். சவுதியில் 2017 ஜூலையிலிருந்து, உடன் இருக்கும் மனைவி மக்கள் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் வைத்தார்கள். ஆண்டுக்கு 100 ஏறி 2020-இல் 400 ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,600 ரியால். பல வீடுகளில் தகப்பன் அங்கே தங்கிக்கொண்டு குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார். அங்கே சி.பி.எஸ்.இ. பள்ளியில் அரபும் ஆங்கிலமும் இந்தியும் படித்த பிள்ளை, இங்கே வந்து தெலுங்கு எழுத்தைக் கூட்டத் தெரியாமல் 7-ஆம் வகுப்பில் உட்காரும். இது சொந்த ஊர், பேரும் உள்ளூர்ப் பேர். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இதுதான் வெளிநாடு. உள்ளூர்ப் பிள்ளைதானே என்று யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் வைத்துத் தனிப் பயிற்சி தர வேண்டும் என்று முன்னே சொன்னேனே, அதை இந்தப் பிள்ளைகளுக்கும் செய்ய வேண்டும்.

இந்த அறக்கட்டளையின் நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். சொற்பொழிவை அச்சிடுவதற்கு ஒதுக்கியிருக்கும் பணத்தில் ஒரு பங்கை எடுத்து, ஒற்றைத் தாள் ஒன்றை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் தெலுங்கிலும் அச்சிடுங்கள். டி.சி. இல்லாவிட்டாலும் சேர்க்க வேண்டும் என்ற சட்டப் பிரிவு, ஆதாரில் உள்ளபடி பெயர் எழுதும் முறை, வீட்டுப் பெயர்க் கட்டத்தில் தமிழ்க் குடும்பம் என்ன எழுதுவது, நான்கு ஆண்டு ஸ்டடி சர்டிபிகேட் கணக்கு, தமிழை முதல் மொழியாகக் கேட்க யாருக்கு விண்ணப்பிப்பது, மண்டலக் கல்வி அலுவலரின் அலுவலகம் எங்கே இருக்கிறது ஆகியவை அதில் இருக்கட்டும். சட்டம் தெரிந்த ஒருவரும், இரு மொழியும் எழுதத் தெரிந்த ஓர் ஆசிரியரும் சரிபார்க்கட்டும். நான் வரைவு எழுதித் தருகிறேன்.

ஆந்திரத்தில் வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி பள்ளி திறக்கிறார்கள். மே மாதக் கடைசிக்குள் அந்தத் தாள் புத்தூர், வடமாலபேட்டை, நாராயணவனம் மண்டலங்களின் எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர வேண்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இங்கே நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். சேர்க்கை நடக்கும் முதல் வாரம், காலை 9 மணியிலிருந்து 12 மணி வரை, ஆளுக்கொரு பள்ளியில் எழுத்தரின் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார முடியுமா? வெளியே போகும்போது வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். எந்தப் பள்ளி, எந்த நாள் என்று உங்கள் பெயரை அதில் எழுதிவிட்டுப் போங்கள்.